செவ்வாய்க்கிழமை முத்திரை

சவரியாருக்கு வாழ்க்கைப்பட்டதில் ஆரோக்கியத்துக்கு ஒரே ஒரு குறைதான். மனுஷன் யாருக்கும் ஓரவஞ்சனை செய்ய மாட்டார். பெண்டாட்டிக்காகக்கூடச் செய்ய மாட்டார்.

மற்றபடி தங்கமான ஆள். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை பூசை தவற மாட்டார். சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவளைக் கட்டிக்கொண்டு வந்து, தாலுக்கா ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் குடிவைத்தார். ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒரு முருங்கை மரம். அந்த வீட்டின் காலைகள் ஆரோக்கியத்துக்கு இப்போதும் அப்படியே ஞாபகம் இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி மணி அடிக்கும். ஏழு மணிக்கெல்லாம் சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் ஆளுக்கொரு காலி பாட்டிலோடு வந்து நிற்கும். மருந்து இனாம், ஆனால் பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். விளக்கெண்ணெய் பாட்டில், சர்பத் பாட்டில், மதுவிலக்குக் காலமாதலால் போலீஸ்காரர் கண்ணில் படாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வரும் வேறு சில பாட்டில்கள். எல்லாவற்றிலும் ஒரே சிவப்பு மிக்ஸர் மருந்துதான். அந்த மிக்ஸர் வாசனையும் டெட்டால் வாசனையும் கலந்து காற்றில் வந்தால் பொழுது விடிந்தது என்று அர்த்தம்.

சவரியார் அங்கே டி.பி. வார்டு குமாஸ்தா. பெண்கள் வார்டில் மொத்தம் எட்டுக் கட்டில். ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. முன்னெல்லாம் சயரோகம் என்றால் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிடுவார்கள். இப்போது ஊசி போட்டால் பிழைக்கலாம் என்று ஆனதும் ஆசை வந்துவிட்டது, ஆசையோடு அடிதடியும் வந்துவிட்டது. மாதாமாதம் மெட்ராஸிலிருந்து வரும் மருந்து எட்டுப் பேருக்கு மட்டுமே அளந்து வரும். கட்டில் கிடைத்தால் மருந்து. ஒரு ஆளுக்கு ஒன்பது மாதமாவது ஆகும். வெளியே காத்திருப்பவர்கள் முப்பது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள்.

அந்த முப்பது பேரின் பெயரும் சவரியாரின் நீள நோட்டில் இருந்தது. வரிசை எண், பெயர், தகப்பன் அல்லது புருஷன் பெயர், ஊர், பதிந்த தேதி. அவ்வளவுதான் கட்டம். எத்தனை ஏக்கர் என்று எழுதக் கட்டம் கிடையாது, என்ன சாதி என்று எழுதக் கட்டம் கிடையாது, யாருக்கு வேண்டப்பட்டவர் என்று எழுதவும் கிடையாது. கட்டில் காலியானால் முதல் பெயருக்கு ஒரு கார்டு எழுதுவார். கார்டில் போட்ட தேதியிலிருந்து ஏழு நாளுக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆள். யாராவது பூசணிக்காயும் நெய்யும் கொண்டுவந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். பெரிய மனுஷர்களின் சிபாரிசுக் கடிதத்தை மட்டும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்வார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் கஞ்சிக்கு எத்தனை படி அரிசி என்று எழுத ஆகும்.

ஒருமுறை மணியன் என்ற மிராசுதாரின் மனைவி, கட்டில் கிடைத்து ஒரு வாரம் படுத்துவிட்டு, தீபாவளிக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தாள். சவரியார் அவளை வரிசையின் கடைசியில் எழுதிவிட்டார். "தானா எந்திரிச்சுப் போனா கடைசிக்குத்தாம் போகணும்" என்று அன்றைக்கே ஒரு விதியும் போட்டார். மணியன் கத்தாத கத்தல் இல்லை. ஆரோக்கியம் அன்று புருஷனை நினைத்துப் பெருமைப்பட்டாள். பாவி, பெருமைப்பட்டாள்.

அப்புறம் அவளுக்கே இருமல் வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல், நாள்பட நாள்பட எச்சிலில் ரத்தம். படம் எடுத்துப் பார்த்த பெரிய டாக்டர் சவரியாரின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வீட்டுக்கு வந்த சவரியார், அவளைச் சுவரோரமாக உட்காரவைத்துவிட்டு, நோட்டை எடுத்து அவள் பெயரை எழுதினார். பத்தொன்பதாவது.

"ஏனுங்க, ஊட்டு ஆளுக்குமா வரிசை?" என்று கேட்டாள் ஆரோக்கியம்.

"அவுங்களும் ஒரு ஊட்டு ஆளுதான புள்ள" என்றார்.

நாலு வயது இன்பமேரியைச் சேலத்தில் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பிள்ளையைக் கூட்டிவருவாள். ஆஸ்பத்திரி வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் ஆரோக்கியம். நடுவில் இருபது அடி. பிள்ளை முதல் மாதம் அழுதது. இரண்டாம் மாதம் கை ஆட்டியது. ஐந்தாம் மாதம் வேலியில் உட்கார்ந்திருந்த ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமலே போய்விட்டது. அன்று ஆரோக்கியம் பாயில் குப்புறப் படுத்து அழுததை இருமல் என்றே சவரியார் நினைத்தார்.

பத்தொன்பது மெல்ல மெல்ல இரண்டானது. அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

ஐந்தாம் நம்பர் கட்டில் காலி. சவரியார் கார்டு எழுதிவிட்டார். எப்போதும் அவரே சைக்கிளில் போய்த் தபால் பெட்டியில் போடுவார். அன்று சேலத்திலிருந்து பெரிய அதிகாரி சோதனைக்கு வந்திருந்ததால் நகர முடியவில்லை. ஆரோக்கியம் பாவசங்கீர்த்தனத்துக்காகக் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கோயிலுக்கு எதிரிலேயே தபால் பெட்டி.

"இதப் போட்டுரு புள்ள" என்று கார்டை நீட்டினார். "மொதல் பேரு இது. அடுத்தது நீ."

அவர் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். அவருக்கு ஒளிக்கத் தெரியாது. கார்டில் 'சௌந்திரம், க/பெ. நாச்சிமுத்து' என்று எழுதி, சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு காட்டூரின் பெயர் போட்டிருந்தது. ஆரோக்கியம் அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனாள். கோயிலில் கடைசி மூலையில் தனியாக உட்கார்ந்து, தன் முறை வந்ததும் முழங்காலிட்டு, புருஷனிடம் எரிந்து விழுந்ததையும் செபமாலை சொல்லும்போது தூங்கிவிட்டதையும் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டு, மனசு லேசாக வீட்டுக்கு வந்துவிட்டாள். கார்டு ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் புத்தகத்தைத் திறந்தாள். கார்டு மடியில் விழுந்தது.

எடுத்தாள். பார்த்தாள். இன்று தபால் எடுக்க மாட்டார்கள், நாளைக்குப் போட்டால் என்ன என்று நினைத்தாள். மறுபடியும் புத்தகத்துக்குள் வைத்தாள். திங்கட்கிழமை காலை காய்ச்சல் அடித்தது. ரத்தமும் வந்தது. எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் நிஜம். ஆனால் வார்டில் வேலை செய்யும் உண்ணாமலை ஆயா அன்று மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்ததும் நிஜம். அவளிடம் நீட்டியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாக நடந்துபோய்ப் பெட்டியில் போட்டாள். போட்ட கையோடு மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டாள், யாரோ துரத்தி வருகிற மாதிரி.

அந்த வாரம் முழுக்க அவள் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் காது கொடுத்தாள். வந்துவிட வேண்டும் என்றும் நினைத்தாள், வரக்கூடாது என்றும் நினைத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி அடித்தது. யாரும் வரவில்லை. சவரியார் நோட்டில் முதல் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"திங்கக்கெழம காலையில வார்டுக்கு வந்துரு" என்றார். ஏழு மாதத்தில் அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஐந்தாம் நம்பர் கட்டிலில் ஆரோக்கியம் படுத்தாள். கஞ்சிப் பசை போட்டுத் துவைத்த வெள்ளைத் துப்பட்டி மொடமொடவென்று இருந்தது. தலைமாட்டில் ஜன்னல். பன்னிரண்டு மணிக்கு முதல் ஊசி. உண்ணாமலை ஆயா அவள் தலையைக் கோதிவிட்டு, "இனி பொழைச்சுக்குவ கண்ணு. அடுத்த வருசம் இந்நேரம் உம் புள்ள உம் மடியில" என்றாள். ஆரோக்கியம் அந்த வார்த்தையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

பதினோரு மணிக்கு வண்டி வந்தது.

இருமுகிற ஆளைப் பஸ்ஸில் கண்டக்டர் ஏற்ற மாட்டார். அதனால் ராத்திரியெல்லாம் மாட்டு வண்டியிலேயே வந்திருந்தார்கள். நாச்சிமுத்து இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கார்டை இரண்டு கையாலும் பிடித்து சவரியாரிடம் நீட்டினார். பத்து ஏக்கர் கிணற்றுப் பாசனம் இருக்கிற ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது. மனைவிக்கு வெளியில் ஊசி வாங்கிப் போட்டே ஒரு சோடி காளையை விற்றிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சவரியார் கார்டில் தான் எழுதிய தேதியைப் பார்த்தார். "சனிக்கெழமயோட முடிஞ்சு போச்சுங்க" என்றார். "வேற ஆளு சேந்தாச்சு."

"ஏனுங்க சாமி, அப்படிச் சொன்னா எப்படிங்க? கார்டு எங்களுக்கு வந்ததே வெசாலக்கெழமைங்க. எங்க காட்டூருக்குத் தபால்காரரு திங்கக்கெழமையும் வெசாலக்கெழமையுந்தானுங்க வருவாரு."

"வியாழக்கெழம வந்துதுன்னா வெள்ளிக்கெழம கெளம்பியிருக்கலாமில்லீங்க?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "வெள்ளிக்கெழம மாரியாத்தா கோயல்ல பூ கேட்டமுங்க. செவப்பு வந்துருச்சு."

அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டி, ஆத்தாள் முன்னால் போட்டு, விவரம் அறியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. கல்யாணம், கிணறு வெட்டு, கோர்ட்டு வழக்கு எதுவானாலும் பூ கேட்காமல் கால் எடுத்து வைக்க மாட்டார்கள். டி.பி. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பாத காலத்தைப் பார்த்தவர்கள், கேட்காமல் எப்படிக் கிளம்புவார்கள்?

"செவப்பு வந்தா மூணாம் நாளுதான் மறுக்கா கேக்கோணுமுங்க. நேத்துக் கேட்டம். வெள்ளை வந்துது. அப்பவே வண்டி பூட்டிட்டமுங்க."

வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. "ரெண்டு நாளப் பூவுல உட்டுப்போட்டு இங்க வந்து நின்னா?" என்று உண்ணாமலை ஆயா கேட்டாள். "தோட்டந்தொரவு இருக்கறவங்க மெட்ராசுக்குக் கூட்டிப் போறது. இந்த அம்மிணிக்கு ஆரு இருக்கா? பெத்த புள்ளயத் தொட்டுத் தூக்காம ஏழு மாசமாக் கெடக்குது." சவரியார் ஆயாவைப் பேச வேண்டாமென்று கையமர்த்தினார். மேஜை மேல் இருந்த மைக்கூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவர் விதிப்படிதான் பேசினார். ஆனாலும் விதி அன்றைக்கு அவர் வீட்டுக்கே நல்லது செய்துகொண்டிருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஆரோக்கியம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டியில் வைக்கோல் மேல் ஒருத்தி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாயில் துணி. கண் மட்டும் வெளியே. அவளுக்கும் இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அவள் யாரையும் கெஞ்சவில்லை, எழுந்து பார்க்கவும் இல்லை. வண்டி மாட்டின் வால் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசாமல் இருந்தால் போதும். இன்னும் ஒரு மணி நேரத்தில் ஊசி போட்டுவிடுவார்கள். பூவில் இரண்டு நாளை விட்டது அவர்கள்தானே? அவர்கள் பூ கேட்காமல் இருந்திருந்தால் அவள் செய்தது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும், யாருக்கும் கெடுதலும் இல்லை. இப்படி எல்லாம் நினைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் கார்டைச் சனிக்கிழமையே போட்டிருந்தால் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்திருக்கும், இரண்டு தடவை பூ கேட்ட பிறகும் அவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வந்திருப்பார்கள் என்பதும் சரியாகத்தான் வந்தது. நாச்சிமுத்து கார்டைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினார். மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார்.

ஆரோக்கியம் கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை வந்தாள்.

"ஏனுங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள். "அந்தக் கார்டுல தபால் முத்திரையப் பாருங்க."

சவரியாருக்குப் புரியவில்லை. நாச்சிமுத்துவிடம் கார்டைக் கேட்டு வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முத்திரையில் செவ்வாய்க்கிழமைத் தேதி இருந்தது.

"நாந்தான் செவ்வாக்கெழம போட்டேன்" என்றாள் ஆரோக்கியம்.

சவரியார் அவளைப் பார்த்தார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் அவளிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டது அப்போதுதான்.

"மறந்துட்டியா புள்ள?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

"சனிக்கெழம மறந்தேன்" என்றாள் ஆரோக்கியம். "ஞாயித்துக்கெழம மறக்கலீங்க."

உண்ணாமலை ஆயா தலையில் அடித்துக்கொண்டாள். நாச்சிமுத்து திகைத்துப்போய், "உடுங்க அம்மிணி. நாங்களும்தான பூவுல ரெண்டு நாளக் கழிச்சுட்டம்" என்றார். அந்த மனுஷனின் நல்ல மனசு அந்த நேரத்தில் ஆரோக்கியத்தைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சவரியார் விரலை மடக்கி எண்ணினார். தபால் கிளம்பிய செவ்வாய்க்கிழமையிலிருந்து எண்ணினால் நாளைவரைக்கும் தவணை இருந்தது.

"கட்டில் அவுங்களுது" என்றார்.

ஆரோக்கியம் பாயையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டாள். சௌந்திரத்தை இரண்டு பேர் தாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். துப்பட்டி மாற்றக்கூட இல்லை. இவள் படுத்த சூடு அதில் இருந்திருக்கும். ஆரோக்கியம் மேஜையோரம் நின்று, தன் பெயர் மறுபடியும் முதலிடத்துக்கு வரும், இன்னும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ, தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சவரியார் நோட்டைத் திறந்தார். அவள் பெயர் மேல் கோடு போட்டார். தாளைப் புரட்டினார். கடைசிக்குப் போனார். எழுதினார். முப்பத்து நாலு.

"என்னங்க இது?"

"மணியன் பொண்டாட்டிக்கு என்ன செஞ்சனோ அதுதான்."

"அவ பலகாரம் திங்கப் போனா. நான் உண்மையச் சொல்லி எந்திரிச்சேன். ரெண்டும் ஒண்ணா?"

சவரியார் பேனாவை மூடினார். "ஒண்ணில்ல. எனக்குத் தெரியும். ஆனா அத நான் சொல்லக்கூடாது புள்ள. நீ என் பொண்டாட்டி. உனக்காக நான் ஒரு நாயத்தக் கண்டுபிடிச்சேன்னா, உனக்குப் பின்னாடி இருக்கற முப்பத்தோரு பேருக்கும் நான் எந்த மூஞ்சியக் காட்டுவேன்?"

ஆரோக்கியம் பதினொரு நாள் அவரோடு பேசவில்லை. அவர்தான் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினார், மீன் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார், ரத்தம் பட்ட சேலையைத் தானே கிணற்றடியில் துவைத்தார். பன்னிரண்டாம் நாள் அடுப்படிக் கதவைத் திறந்தபோது, அவர் முருங்கை மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துவைத்த சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அவளுக்கு அவர்மேல் வந்த ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இப்படி ஒரு மனுஷனை எங்கே போய்த் தேடுவது? "வெயில்ல உக்காந்தா தலைவலிக்கப் போகுது, வாங்க" என்றாள். அவ்வளவுதான் சமாதானம்.

நாச்சிமுத்து வாரம் தவறாமல் நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்தார். குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்ததைச் சவரியார் வாங்கவில்லை. வார்டுக்கென்றால் எட்டுக் கட்டிலுக்கும் பொதுவாகக் கொடுங்கள் என்றார். கொடுத்தார். அவிக்கிற வேலை உண்ணாமலை ஆயாவுடையது. அந்தக் கிழவிக்கு என்னவோ எட்டு வரைக்கும் எண்ண வராது. தினமும் ஒன்பது அவித்துவிடுவாள். மிச்சமான ஒன்றை முந்தானையில் முடிந்து, முருங்கைக் கீரை பறிக்க வருகிற சாக்கில் ஆரோக்கியத்திடம் கொண்டுவந்து கொடுப்பாள். சவரியாருக்கு இது தெரியுமா என்று ஆரோக்கியம் கடைசிவரை கேட்கவில்லை. முட்டை ஓடு குப்பையில் கிடந்ததை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்ததும், "எத்தனாவது?" என்று கேட்பாள். முப்பது என்பார். ஒரு மாதம் கழித்து இருபத்தேழு என்பார். ஒருநாள் இருபத்திரண்டு என்றார்.

"முந்தாநேத்து இருவத்திமூணில்ல? ஆரு சேந்தாங்க?"

"ஆரும் சேரல."

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. யாரும் சேராமலே வரிசை நகர்ந்தால் என்ன அர்த்தம் என்று. 'ஆள் இல்லை' என்று எழுதித் திரும்பி வரும் கார்டுகளை அவர் நோட்டின் பின்னால் வைத்திருந்தார். அதற்குப் பிறகு எண்ணிக்கை குறைந்தால் ஆரோக்கியம் சந்தோஷப்படவில்லை. எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்டுவிட்டு, போனவருக்காக மாதாவிடம் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்வாள். வரிசையில் மிச்சம் இருப்பவர்களின் பெயர்களையும் கேட்டு ராத்திரி செபத்தில் சேர்த்துக்கொண்டாள்.

ஒன்பது மாதம் கழித்துச் சௌந்திரம் வீட்டுக்குக் கிளம்பினாள். சதை பிடித்து, கன்னம் வைத்து, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். போகிற வழியில் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரலாமா என்று தெரியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க எடத்துலதான் அக்கா நான் படுத்துருந்தேன்" என்றாள்.

"இல்ல கண்ணு. உன் எடத்துல நாந்தான் மூணு மணி நேரம் படுத்துருந்தேன்."

சௌந்திரம் தலையில் இருந்த பூவில் பாதியைக் கிள்ளி நிலையில் வைத்துவிட்டுப் போனாள். ஆரோக்கியம் அதை எடுத்து வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தாள். பூவுக்குக் கீழே முகம் எலும்பாக இருந்தது.

அறுபதாம் வருஷம் மாசி மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. அங்கே பரிசோதித்துப் பார்த்தார்களாம். மாத்திரையை வீட்டிலிருந்தே ஒழுங்காகச் சாப்பிட்டாலும் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களைப் போலவே குணமாகிறதாம். இனிமேல் கட்டிலுக்குக் காத்திருக்க வேண்டாம். வரிசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் மருந்து. சவரியார் அந்தத் தாளை நாலு தடவை படித்தார். அப்புறம் உட்கார்ந்து இருபத்தொன்பது கார்டு எழுதினார். இந்தத் தடவை யாரிடமும் கொடுக்காமல் தானே சைக்கிளில் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

குறித்த திங்கட்கிழமை வார்டுக்கு முன்னால் புளியமரத்தடியில் கூட்டம். வண்டிகள், முக்காடு போட்ட பெண்கள், அவர்களைத் தாங்கிக்கொண்டு அண்ணன் தம்பிகள். சவரியார் மேஜையை வெளியே போட்டு, நோட்டைத் திறந்து, எழுந்து நின்று, பதிந்தபோது போட்ட எண்ணைச் சொல்லிப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிட்டவர்கள் வந்து, இரண்டு கையாலும் மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்கள். ஒரு கிழவி பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிலர் அங்கேயே ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்கள், அதற்குள் யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்பது போல.

"இருவத்தி ஆறு. மல்லசமுத்திரம் வசந்தாமணி."

பதில் இல்லை. சவரியார் மூன்று தடவை கூப்பிட்டார். அப்புறமும் காத்திருந்தார். கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். அவர் பெயர் அங்கமுத்து, வசந்தாமணியின் புருஷன். கார்டை மேஜைமேல் வைத்தார். "அது தை மாசமே போயிருச்சுங்க. கார்டு இப்பத்தான் வந்துது. நாங்க வராட்டிப் போனா அடுத்தவங்களுக்குத் தாமசமாயிருமேன்னு சொல்லிட்டுப் போக வந்தனுங்க" என்றார். பதினெட்டு மைல் நடந்து வந்திருந்தார். சவரியார் அவருக்குக் கும்பிடு போட்டார். பேனாவை எடுத்து அந்தப் பெயருக்கு நேரே கோடு போட்டார். கோடு நேராக வரவில்லை.

இருபத்தொன்பதுக்கும் பதில் இல்லை. முப்பத்தொன்றுக்கும் பதில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் மூன்று தடவை கூப்பிட்டார், காத்திருந்தார், அப்புறம்தான் கோடு. ஆரோக்கியம் கூட்டத்தோடு கூட்டமாகப் புளியமரத்தின் வேரில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெயர்களெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்றரை வருஷமாக ராத்திரி செபத்தில் அவள் வரிசையாகச் சொல்லி வந்த பெயர்கள். அவர்களுக்கெல்லாம் பின்னால் தன்னை நிறுத்தியதற்காக ஒருகாலத்தில் அவள் புருஷனைச் சபித்திருக்கிறாள்.

"முப்பத்தி நாலு" என்றார் சவரியார். நிறுத்தினார்.

"ஆரோக்கியம்."

இந்தா புள்ள, ஏ புள்ள, மேரி அம்மா. எட்டு வருஷமாக அவர் இப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார். அவர் வாயில் தன் பெயரை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. எழுந்திருக்க நினைத்தாள், கால் வரவில்லை. பேச நினைத்தாள், இருமல் வந்தது.

"ஆரோக்கியம்" என்றார் இரண்டாவது தடவை. எல்லோருக்கும் காத்திருந்த அளவுதான் அவளுக்கும் காத்திருந்தார். கண் நோட்டிலேயே இருந்தது. நிமிர்ந்து அவளைத் தேடவில்லை. மற்றவர்களைத் தேடவில்லையே.

"ஆரோக்கியம்."

மூன்றாவது தடவையும் ஆகிவிட்டது. அவர் கை பேனாவை நோக்கிப் போனது.

"இருக்கேனுங்க!" என்று ஆரோக்கியம் அடித்தொண்டையில் கத்தினாள். முக்காடு விலகி, இருமலும் அழுகையுமாக, கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு ஓடினாள். "கோடு கீடு போட்டுறாதீங்க! இருக்கேன், நான் இருக்கேன்!"